உப்புக்காற்றில் ஓடும் காருக்குச் சஸ்பென்ஷன் பராமரிப்பு

மண்டபத்துக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், காரின் முன்பக்கத்தில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில்தான் வரும். போய்க் காட்டியதில் லிங்க் ராடு போயிருந்தது. சக்கரத்தைக் காரோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பிலேயே விலை குறைந்த பாகங்களில் அதுவும் ஒன்று. மதுரையில் இருந்தபோது இதே வேலையை அரை மணி நேரத்தில் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே நட்டைக் கழற்றவே முக்கால் நாள் ஆனது. நட்டும் மரையும் ஒரே கட்டியாகத் துருவேறிக் கிடந்தன. பட்டறையில் கேஸ் வைத்துச் சூடாக்கினார்கள். அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த, ஸ்டீயரிங்கோடு சேர்ந்த டை ராடு எண்டின் ரப்பர் உறையும் கருகிவிட்டது. ஒரு பாகத்தை மாற்றப் போய் இரண்டுக்குப் பணம் கட்டினேன்.

அன்றைக்குப் புரிந்த விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். ராமநாதபுரம் கரையோரத்தில் பாகம் தேய்வதைவிடப் பெரிய தொல்லை, அதைப் பிடித்திருக்கும் நட்டும் போல்ட்டும் இறுகிப் போவதுதான். தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று எங்கே கார் வைத்திருந்தாலும் இது பொருந்தும். புதிதாகக் கார் வாங்கியவர்களும், வெளியூரிலிருந்து காரோடு இங்கே மாறுதலாகி வந்தவர்களும் தொடக்கத்திலேயே இதைத் தெரிந்துகொண்டால் நிறைய மிச்சம்.

உப்பு எப்போது வேலை செய்கிறது

கார் ஓடும்போதுதான் கெடும் என்று நினைக்கிறோம். துருவைப் பொறுத்தவரை, கார் நிற்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. சமையலறை ஜாடியில் கல்லுப்பு ராத்திரியில் நீர்த்துப் போய்க் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால், அதற்கும் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்கும். நம் பக்கத்துக் கடற்கரை ராத்திரிகளில் இந்த ஈரம் சாதாரணம். பகலில் காருக்கு அடியில் படிந்த உப்பு, ராத்திரி முழுக்க இரும்பின் மேல் உப்புநீராக நிற்கிறது. மழையே பெய்யாத மாசத்திலும் துரு ஏறுவதற்கு இதுதான் காரணம்.

உப்பு வந்து சேரும் வழிகளும் இங்கே பல. கடற்காற்று ஒன்று. மீன் ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து சாலையில் சொட்டும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் இன்னொன்று. ராமேசுவரம், மண்டபம் சாலையில் ஒரு மீன் வண்டிக்குப் பின்னால் 10 கிலோமீட்டர் போனால் முன்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க அது தெறித்திருக்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தை ஒட்டி ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அப்புறம் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டபின் சொந்தக் காரிலேயே முனை வரை போய் வருகிறோம். இரண்டு பக்கமும் கடல். காற்று அடிக்கும் காலத்தில் நுண்ணிய மணலும் உப்புச் சாரலும் சேர்ந்தே வரும். அந்த ஈரமணல் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் போய்த் தங்கினால், தானாக வெளியே வரவே வராது.

எந்தப் பாகம் என்ன செய்கிறது

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் ஸ்ட்ரட் அமைப்புதான். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கும். மேலே அதைக் காரின் உடம்போடு பிடிப்பது ஸ்ட்ரட் மவுண்ட்; அதற்குள் ஒரு பேரிங் உண்டு. கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயின்ட் என்ற குண்டு மூட்டு, மறுமுனையில் புஷ்கள் என்ற ரப்பர் உருளைகள். வளைவில் கார் ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க ஒரு வளைந்த கம்பி இடமும் வலமும் ஓடும். அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கிற சின்னத் தண்டுதான் லிங்க் ராடு. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வருவது டை ராடு எண்டு. பொலேரோ, ஆம்னி, டாடா ஏஸ் போன்றவற்றில் பின்னால் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் பட்டை, அதாவது இரும்பு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங், இருக்கும்.

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. இந்த வித்தியாசம் முக்கியம். "வண்டி உட்கார்ந்துபோச்சு, ஷாக் மாத்துங்க" என்று கேட்கிறவர்கள் நிறைய. வண்டி ஒருபக்கம் இறங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்

முதலில் காதால் பாருங்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, கரடுமுரடான தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னக் குலுக்கல்களில் 'டக் டக்' வந்தால் பெரும்பாலும் லிங்க் ராடு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கனமாக 'டொம்' என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவதுபோலச் சத்தம் வந்தால் மேலே இருக்கும் பேரிங் இறுகியிருக்கிறது. 'கிரீச்' என்ற சத்தம் காய்ந்த ரப்பர். தினமும் பாம்பன் சாலைப் பாலத்தில் போய் வருகிறவர்களுக்கு வேறு சோதனையே தேவையில்லை. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும் சத்தம் மனசில் பதிந்திருக்கும். அது மாறினால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, காரின் ஒவ்வொரு மூலையிலும் நின்று முழு எடையைப் போட்டு அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை மேலே வந்து அடங்கிவிட வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் முடிந்தது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி கெட்டதை இது காட்டாது. டயரையும் தடவிப் பார்க்க வேண்டும். அலை அலையாக மேடுபள்ளம் தட்டுப்பட்டால் ஷாக் அடக்கவில்லை, சக்கரம் குதிக்கிறது. உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியிருக்கிறது. அதற்குப் பின்னால் தேய்ந்த புஷ்ஷோ வளைந்த ஆர்மோ இருக்கலாம்.

ஸ்டீயரிங்கை ஒருபக்கமாக முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஷாக்கின் உடம்பில் லேசாக எண்ணெய்ப் பூச்சும் தூசியும் இருந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் உறைகள் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கிழிந்த உறைக்குள் மணலும் உப்பும் போய்விட்டால் பால் ஜாயின்ட் வேகமாகத் தேய்ந்துவிடும். அப்புறம், நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பாருங்கள். உப்பு மணல் தங்குவது அங்கேதான். பெயின்ட் உரிந்து, துருக் குழிகள் விழுந்து, ஒருநாள் அந்த நுனி உடையும். உடைந்த நுனி விலகி டயரின் பக்கவாட்டில் உரசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாகச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்ந்த ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்காகவோ பால் ஜாயின்ட்டாகவோ இருக்கும். எது என்று தெரிய ஒரு வழி உண்டு. வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது வந்தால் டை ராடு எண்டு அல்லது அதே தண்டின் உள்முனை மூட்டான ரேக் எண்டு. பால் ஜாயின்ட்டிலும் டை ராடிலும் ஆட்டம் கண்டால் அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவை கழன்றால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது.

தூக்கும்போது நம் ஊருக்கென்று ஒரு கவனம் வேண்டும். பாதி வீடுகளின் வாசல் மணல். மணலில் ஜாக்கி வைத்தால் எடை ஏற ஏறச் சாயும். சிமென்ட் தரை கிடைக்காவிட்டால், அகலமான கெட்டிப் பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். எதிர்ச்சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அண்டைக் கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் ஜாக்கி ஸ்டாண்டு இல்லாமல் கையைக்கூட உள்ளே விடாதீர்கள்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்

பராமரிப்பு என்று தனியாக ஒன்றுமில்லை. அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ராமநாதபுரத்தில் 'நல்ல தண்ணீர்' என்பது எத்தனை பெரிய சொல் என்று நமக்குத் தெரியும். பல ஊர்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் பழைய உப்பைக் கழுவிவிட்டுப் புது உப்பைப் பூசுவதாக ஆகும். குடிநீரைக் காருக்கு ஊற்றவும் மனசு வராது, ஊற்றவும் கூடாது.

நான் செய்வது இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரை இரண்டு டிரம்களில் மூடிப் பிடித்து வைக்கிறேன். செடிகளுக்கு மருந்தடிக்கும் கைப் பம்பு போல, மருந்து படாத புதுப் பம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பம்பு தண்ணீர், சுமார் 8 லிட்டர், நான்கு சக்கரக் குழிக்கும் போதும். முதலில் குச்சியால் ஸ்பிரிங் கிண்ணத்தில் தங்கிய மணலைக் கிளறிவிடுவேன். பிறகு மேலிருந்து கீழாக, ஸ்ட்ரட், ஸ்பிரிங், லோயர் ஆர்மின் மடிப்புகள், ஒவ்வொரு நட் என்று பொறுமையாக அடிப்பேன். மழைநீர் தீர்ந்த மாதங்களில் ஊற்றுக் கிணற்று நீர். தண்ணீரின் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. எந்தக் கிணறு நல்லது என்று அது சொல்லிவிடும். தனுஷ்கோடி போய் வந்தால் வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்று சாயங்காலமே கழுவிவிட வேண்டும்.

டீசல் அடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கழுவும் இடங்களில் "அடியில டீசல் அடிச்சுவிடவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்புக்கு அது சில நாள் பாதுகாப்புத் தரலாம். ஆனால் புஷ்களின் ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி, மென்மையாகி, சீக்கிரம் பிய்ந்துவிடும். மேலும் அந்தப் பிசுக்கில் நம் ஊர் மணல் ஒட்டிக்கொண்டு, உப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்து வைக்கும். கழுவிய அடிப்பக்கம் நன்றாகக் காய்ந்தபிறகு, வெறும் இரும்புக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே அடிக்கலாம். பிரேக் தட்டிலும் ரப்பரிலும் அது படக் கூடாது. ரப்பர் கிரீச்சிட்டால் சிலிகான் ஸ்பிரே போதும். வெளியே தெரியும் மரைகளில் மட்டும் வயர் பிரஷ் போட்டு, விரல் நுனியால் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். அன்று நான் இழந்த முக்கால் நாளை, இந்த ஒரு விரல் கிரீஸ் மிச்சப்படுத்தியிருக்கும்.

முதல் வேலை: லிங்க் ராடு மாற்றுவது

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். பிழை நேர்ந்தாலும் ஆபத்து குறைவு, மாற்றியபின் அலைன்மென்ட்டும் தேவையில்லை.

1. வேலை செய்வதற்கு முதல்நாள் மாலையே தொடங்குங்கள். மரையின் வெளித்தெரியும் பகுதியை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். இதைச் செய்யாமல் நட்டைத் திருப்பினால், துரு மரைக்குள் சிக்கிப் பாதியில் நின்றுவிடும். பிறகு டபிள்யூடி-40 போல ஊடுருவும் எண்ணெயை நட்டின் இரு பக்கமும் அடியுங்கள். தூங்கப் போகும்முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை. என்னிடம் இதைச் சொன்ன வயதான மெக்கானிக் அண்ணன், "தம்பி, எண்ணெய்க்கு நேரம் குடுங்க, சுத்தியலுக்கு வேலையிருக்காது" என்பார்.

2. வெயில் ஏறுமுன், முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒருபக்கம் மட்டும் தூக்கினால், வளைவில் கார் சாயாமல் காக்கும் அந்தக் குறுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடிக்கும். கழற்றவும் வராது, புதியதைப் பொருத்தவும் வராது. வீல் நட்களைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

3. நட்டைத் திருப்பும்போது அதன் நடுத்தண்டும் சேர்ந்து சுற்றும். அதற்காகத்தான் தண்டின் நுனியில் அறுகோணக் குழி இருக்கும், சிலவற்றில் பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். குழியில் துரு நிரம்பியிருந்தால் ஊசியால் சுரண்டிவிட்டு ஆலன் கீயைத் தட்டி உட்காரவையுங்கள். ரிங் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்து, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் எண்ணெய், மறுபடி இறுக்கம், மறுபடி தளர்வு.

4. வரவே இல்லையா? பழைய லிங்க் ராடு எப்படியும் தூக்கிப்போடும் பொருள்தான். ஹேக்ஸா பிளேடால் நட்டின் அருகே தண்டை அறுத்துவிடுங்கள். கிரைண்டர் வைப்பதென்றால் பிரேக் ஓஸையும் ஏபிஎஸ் வயரையும் ஈரத்துணியால் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தீ வேண்டாம். என் கதையைத்தான் கேட்டீர்களே.

5. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், மரையின் பருமன், முனைகள் நோக்கும் திசை மூன்றையும் ஒப்பிடுங்கள். சில கார்களில் இடம், வலம் வேறு வேறு. துளையைச் சுத்தம் செய்து, புதியதைச் செருகி, கூடவே வந்த புது நட்டைப் போட்டு, காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

6. இறுக்கியபின் வெளியே நீட்டிய மரைக்குக் கிரீஸ். அடுத்த முறை உங்களுக்கே உதவும். ஒருபக்கம் போயிருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம்; இரண்டும் ஒரே உப்பைத்தான் தின்றிருக்கின்றன.

பட்டறைக்குப் போக வேண்டியவை

ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்காதீர்கள். மேலே நடுவில் இருக்கும் பெரிய நட்டை, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால், காரின் முன்பாரத்தில் பாதியைத் தாங்கிய ஸ்பிரிங் அப்படியே தெறிக்கும். உயிர் போகிற விஷயம். கருவி உள்ள பட்டறையில் கொடுங்கள். ஷாக்கை எப்போதும் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழசுமாக இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கலாம். பிரித்த கையோடு மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு, தூசி உறை எல்லாவற்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள். மறுபடி பிரிக்கும் கூலியை நினைத்தால் இது லாபம்.

லோயர் ஆர்மில் நம் கரையோரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. புஷ்ஷின் நடுவே ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. அதற்குள் போகும் போல்ட் உப்பில் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலைக்கு முன்பே புது போல்ட்டும் நட்டும் வாங்கிப் போங்கள். புது போல்ட்டின் மரையில்லாத வழவழப்பான பகுதியில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். ஆர்மின் தகடு துருவில் குழிந்திருந்தால் புஷ் மட்டும் மாற்றும் யோசனையை விட்டுவிட்டு முழு ஆர்மையே வாங்குங்கள்.

மெக்கானிக்கிடம் தயங்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "அண்ணே, புஷ் போல்ட்டக் கடைசியா வண்டி தரையில நிக்கும்போது டைட் பண்ணுங்க." சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிய நிலையில் இருந்து சில மாதங்களிலேயே கிழியும். "புது புஷ்ஷு ஆறு மாசம்கூட வரல" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

டை ராடு எண்டு மாற்றும்போது, கழற்றும்முன் மரையில் பெயின்ட்டால் கோடு போட்டு, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணி வைக்க வேண்டும். அதே எண்ணிக்கையில் புதியதை ஏற்றினால் அலைன்மென்ட் கடை வரையாவது வண்டி நேராகப் போகும். பட்டை உள்ள வண்டிகளில் இலைகளுக்கு நடுவே துரு பொங்கி இடைவெளி தெரிகிறதா, பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த ஒரு இலையை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு.

பாகம் வாங்கும்போது கார் நிறுவனத்தின் பாகமோ, ரானே, கேப்ரியல் போல இந்தப் பாகங்களையே தயாரிக்கும் நிறுவனங்களின் பொருளோ பில்லோடு வாங்குங்கள். பெட்டியைத் திறந்து ரப்பர் உறையை அழுத்திப் பாருங்கள். கடையில் வெகுகாலம் கிடந்த ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். கடற்கரை ஊர்க் கடைகளில் பெட்டிக்குள்ளேயே மரையில் துரு பிடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எதைத் தொட்டாலும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். வேலை முடிந்த ஒவ்வொரு நட்டிலும், நட்டையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். இரண்டு வாரம் ஓட்டியபின், வழக்கமாகக் கழுவும் நாளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட் அசையவில்லை. விலகியிருந்தால் அன்றைக்கே டார்க் ரெஞ்ச்சை எடுங்கள்.